மின்வெட்டிலும் போறணை அணையாதிருக்க

மின்வெட்டு எமது வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. 1996இல் வரட்சியால் வந்தது. 2001, 2002 ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதில் நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது பல பிரதேசங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இருக்கவில்லை. எனவே இனிமேல் மின்வெட்டு வராது என்ற எண்ணத்தில் எவரும் தொழில் செய்ய முடியாது.

மின்சாரம் போனால் புடவைக் கடைக்காரர் ஒரு பெற்றரி விளக்கை ஏற்றிச் சமாளிப்பார். பலசரக்குக் கடைக்காரர் குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்காமல் ஓரிரு மணித்தியாலங்களைக் கடத்துவார். பேக்கரிக்காரரின் நிலைமை அப்படியல்ல. பிசைந்த மா எவருக்காகவும் காத்திருப்பதில்லை. எமது நாட்டு வெப்பத்தில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்கிறது. பொங்க வேண்டிய நேரத்துக்கு மேல் வைத்தால் மா புளிக்கும், அமுங்கிப் போகும். 50 கிலோ மூடை ஒன்றில் சுமார் 150 இறாத்தல் பாண் போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன அரை மணித்தியாலத்தில் அத்தனையும் நட்டமாகலாம். எனவே இவ்வாரம் பேக்கரிப் போறணையைத் தற்காலிக மின்சாரத்தில் எவ்வாறு இயக்குவது என்பதை நோக்குவோம்.

போறணைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை?

பல முதலாளிமார் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நேரே கடைக்குப் போய் "பேக்கரிக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும்" என்கிறார்கள். விற்பவர் பெரியதொன்றைக் காட்டுகிறார், அதையே வாங்கி வருகிறார்கள். அல்லது மலிவானதொன்றை வாங்கி, போறணையை இணைத்த முதல் நாளே அது முக்கி முனகி நின்றுவிடுகிறது.

முதலில் விளங்க வேண்டியது, போறணையின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதாகும். டீசல் அல்லது கேஸ் பர்னர் பூட்டிய போறணையில் வெப்பம் தருவது எரிபொருள். அங்கே மின்சாரத்தின் வேலை சிறியது. பர்னருக்குள் இருக்கும் சிறு மோட்டரைச் சுற்ற வேண்டும், நெருப்புப் பொறியைக் கொடுக்க வேண்டும், சூடான காற்றை உள்ளே சுழலவிடும் விசிறியை ஓட்ட வேண்டும், ட்ரொலியைத் திருப்ப வேண்டும். ஆனால் இந்தச் சிறிய வேலை நடக்காவிட்டால், தாங்கி நிறைய டீசல் இருந்தும் போறணை ஒரு சட்டியைக்கூடச் சூடாக்காது.

குளிர் நாடுகளிலும் இதே கதைதான். கனடாவில் வீடுகளைச் சூடாக்க நிலக்கீழ் அறையில் ஓர் உலை இருக்கும். பெரும்பாலானவை கேஸிலோ எண்ணெயிலோ எரிபவை. 1998 ஜனவரியில் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களில் உறைபனி மழை பெய்து மின்கம்பங்கள் சரிந்தபோது பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் செயலிழந்தன. சில இடங்களில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் சென்றது. எரிபொருள் இருந்த வீடுகளிலும் உலை எரியவில்லை, ஏனெனில் அதன் விசிறியையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் இயக்க மின்சாரம் இல்லை. அதற்குத் தேவைப்பட்டதோ சில நூறு வோட் மட்டுமே. எமது டீசல் போறணையும் அந்த உலையின் உறவுக்காரன்தான்.

மின்சாரத்தாலேயே சூடாகும் போறணை வேறு. மூன்று தட்டுப் போறணையொன்று பெரும்பாலும் 15,000 வோட்டைத் தாண்டும். அதை ஜெனரேட்டரில் ஓட்டுவது எனது பார்வையில் வீண்விரயம். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 10 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. அதைச் சிறிய ஜெனரேட்டரில் ஊற்றினால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 3 யூனிட். மிகுதி புகையாகவும் சூடாகவும் போய்விடுகிறது. அந்த 3 யூனிட்டை மறுபடி வெப்பமாக்கித்தான் பாண் சுடுகிறீர்கள். அதே டீசலை பர்னரில் எரித்தால் பெரும் பகுதி நேரே போறணைக்குள் போகும். புதிதாகப் போறணை வாங்கும் சகோதரர்கள், மின்வெட்டு நாளையும் மனதிற்கொண்டு எரிபொருள் போறணையைத் தெரிவு செய்வது நல்லது. ஏற்கெனவே மின்சாரப் போறணை வைத்திருப்போர் ஜெனரேட்டரைத் தேடுவதை விட, மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துச் சுடும் நேரத்தை மாற்றுவதே இலாபம்.

கணக்குப் பார்க்கும் முறை

ஒவ்வொரு மோட்டரிலும் ஒரு சிறு தகடு இருக்கும். அதைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். உதாரணமாக, ட்ரொலி சுழலும் சிறிய டீசல் போறணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பர்னர் 200 வோட், ஒன்றரை ஹோர்ஸ் பவர் விசிறி 1,100 வோட், ட்ரொலி மோட்டர் 200 வோட், விளக்குகளுக்கும் ஏனையவற்றுக்கும் 200 வோட். மொத்தம் 1,700. தகட்டில் இருப்பது மோட்டர் வெளியே தரும் வலு. அது உள்ளே இழுப்பது சற்று அதிகம். ஆகவே 2,000 வோட் என்று வைப்போம்.

அப்படியானால் 2,000 வோட் ஜெனரேட்டர் போதுமா? போதாது. இவ்வகை மோட்டர் சுற்றத் தொடங்கும் கணத்தில் வழமையைப் போல் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஓரிரு செக்கன்கள்தான், ஆனால் அந்தச் செக்கன்களைத் தாங்க முடியாத ஜெனரேட்டர் நின்றுவிடும், அல்லது வோல்டேஜ் விழுந்து பர்னரின் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பும். மேற்சொன்ன போறணைக்கு 5 கே.வீ.ஏ. ஜெனரேட்டர் பொருத்தமானது. கே.வீ.ஏ.யும் கிலோவோட்டும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். 5 கே.வீ.ஏ. என்றால் பொதுவாக 4 கிலோவோட்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு எதுவென்று கேட்டு வாங்க வேண்டும்.

மா பிசையும் இயந்திரத்தையும் இதில் சேர்த்தால் கணக்கு மாறும். மூன்று ஹோர்ஸ் பவர் இயந்திரத்தையும் போறணை விசிறியையும் ஒன்றாக ஓட்ட வேண்டுமென்றால் 10 கே.வீ.ஏ. அளவுக்குப் போக வேண்டிவரும். முதலில் பிசைந்து முடித்து, அந்த இயந்திரத்தை நிறுத்தி, பிறகு போறணையைத் தொடங்கினால் அதைவிடச் சிறியது போதும். வேலை ஒழுங்கை மாற்றுவதால் இலட்சக்கணக்கில் மிச்சம் பிடிக்கலாம் என்பதை எமது முதலாளிமார் பலர் யோசிப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் 20 கே.வீ.ஏ. வாங்கினார் என்பதற்காக நாமும் வாங்கும் பழக்கமும் இருக்கிறது. பெரிய டீசல் ஜெனரேட்டரை மிகக் குறைந்த சுமையில் நாள்தோறும் ஓட்டினால் எரியாத டீசலும் கரியும் இயந்திரத்துக்குள் படிந்து அதன் ஆயுள் குறையும். பெரியது வாங்கினால் பிரச்சினை இல்லை என்ற எண்ணம் தவறானது.

போறணை திரீ ஃபேஸ் என்றால் இன்னொரு விடயம். ஜெனரேட்டரை இணைக்கும்போது இரண்டு ஃபேஸ் வயர்கள் மாறிப்போனால் மோட்டர்கள் எதிர்த் திசையில் சுற்றும். விசிறி சுற்றுவது போலவே தெரியும், ஆனால் காற்று சரியாக ஓடாது. ஒரு பக்கம் கருகிய பாணும் மறுபக்கம் வேகாத பாணும் வந்தால் மாவைக் குறை சொல்வதற்கு முன் விசிறி சுற்றும் திசையைப் பாருங்கள்.

பெற்றரி எதற்கு உதவும்?

இன்வேர்ட்டர், பெற்றரி வைத்திருப்போர் அதில் போறணையை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி ஈய பெற்றரி இரண்டை எடுத்தால் அவற்றுள் 4.8 யூனிட் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பெற்றரி கெட்டுவிடும். இடையில் ஏற்படும் இழப்பும் போக, கையில் வருவது 2 யூனிட் அளவு. நமது 2,000 வோட் போறணை ஒரு மணித்தியாலம் ஓடும். இரவு முழுவதும் சுட இது உதவாது. ஆனால் ட்ரொலி உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனால் அந்தச் சுடலை முடிக்கப் போதும். சூடான நிலையில் விசிறி திடீரென நின்றால் பாண் சீராக வேகாதது மட்டுமல்ல, போறணையின் உட்பகுதி உலோகமும் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதடையலாம். எனவே ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கும் இடைநேரத்துக்கு ஒரு பெற்றரி உதவியாக இருக்கும்.

ஆனால் இன்வேர்ட்டர் சுத்தமான சைன் அலை தருவதாக இருக்க வேண்டும். மலிவான சதுர அலை இன்வேர்ட்டரில் மோட்டர் இரையும், சூடாகும், பர்னர் பெட்டி சிலவேளை வேலையே செய்யாது. விசிறி தொடங்கும் கணத்தைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கூரையில் சோலார் பூட்டியவர்கள் பலர் மின்வெட்டில் ஏமாந்து போகிறார்கள். பெற்றரி இல்லாத சாதாரண சோலார் தொகுதி, வெளி மின்சாரம் போனவுடன் தானும் நின்றுவிடும். அது பழுதல்ல, கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

பர்னர் எரிந்து எரிந்து அணைகிறதா?

இது கேஸ் பர்னர் வைத்திருப்போருக்குக் குறிப்பாக. ஜெனரேட்டர் ஓடுகிறது, வோல்டேஜும் சரி, விசிறியும் சுற்றுகிறது. பர்னர் பற்றுகிறது, சில செக்கன்களில் அணைந்து சிவப்பு விளக்கு வருகிறது. மறுபடி அழுத்தினாலும் அதே கதை. பர்னர் பழுதென்று மெக்கானிக்கை அழைத்து, நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றிச் செலவழிப்போர் உண்டு.

காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். கேஸ் பர்னரின் நெருப்பைக் கண்காணிக்க ஒரு மெல்லிய கம்பி நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியிலிருந்து நெருப்பின் ஊடாக ஏர்த்துக்கு மிகச் சிறிய மின்னோட்டம் ஓடினால்தான், "நெருப்பு இருக்கிறது" என்று பெட்டி நம்பும். வெளி மின்சாரத்தில் நியூட்ரல் நிலத்துடன் தொடர்பில் இருப்பதால் அந்தச் சுற்று முழுமையடைகிறது. தூக்கிச் செல்லும் சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் தொடர்பில்லாமல் மிதக்கிறது. சுற்று முழுமையடையாததால், நெருப்பு எரிந்துகொண்டிருந்தும் பெட்டி அதை அறியாது, கேஸை மூடிவிடும். ஃபேஸும் நியூட்ரலும் மாறி இணைக்கப்பட்டிருந்தாலும் இதே குறை வரும்.

இதற்குத் தீர்வு, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலையும் ஏர்த்தையும் இணைத்து, முறையான ஏர்த் கம்பி அடிப்பதாகும். இதைத் தகுதியுள்ள மின்னியலாளரே செய்ய வேண்டும், கடைப் பையன் செய்யும் வேலையல்ல இது. பர்னருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நியூட்ரல் மிதக்கும் ஜெனரேட்டரில் உங்கள் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஈரமான தரையில் வெறுங்காலுடன் நின்று மா பிசையும் தொழிலாளிக்கு அந்தச் சுவிட்சே காவல்.

சுற்றி வளைத்த வயர் வேண்டாம்

இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரை ஜெனரேட்டரிலிருந்து எடுத்துச் சுவரில் உள்ள சொக்கெட்டில் குத்திக் கடை முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டோம்தானே என்பார்கள். நிறுத்த மறக்கும் ஒரு நாள் வரும். அன்று உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மின்சாரம் வீதிக்குப் போய், மின்மாற்றியின் ஊடாகத் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறலாம். மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறியிருப்பவர் ஒரு குடும்பத்தின் தகப்பன். அவர் செத்தால் நாம் "தெரியாமல் நடந்தது" என்று சொல்லித் தப்ப முடியுமா? ஹலாலான உழைப்புக்காகப் போட்ட வயர் இன்னொருவரின் உயிரை எடுக்கக் கூடாது. வெளி மின்சாரம் திடீரெனத் திரும்பி வந்தால் ஜெனரேட்டரே எரியும் என்பது அடுத்த நட்டம். வயர் ஒரு பக்கம் கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பின்களிலும் உயிர்ப்பு இருக்கும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள். ஒரு பக்கம் வெளி மின்சாரம், நடுவில் நிறுத்தம், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேர முடியாது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையையே கேளுங்கள். ஜெனரேட்டரின் விலையோடு பார்த்தால் இதன் செலவு சொற்பம்.

புகையைப் பற்றி

ஜெனரேட்டரைக் களவுக்குப் பயந்து கடைக்குள்ளேயோ பின்கதவுப் பக்கமோ வைத்து ஓட்டுவோர் உண்டு. அதன் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் பகுதியுடன் ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரோடு மின்சாரமும் போனபோது, வீட்டுக்கு அருகே ஜெனரேட்டர் ஓட்டியும் வீட்டுக்குள் அடுப்பெரித்தும் இந்த வாயுவால் இறந்தவர்கள் பலர்.

எமது பேக்கரிகளில் தொழிலாளிகள் பெரும்பாலும் போறணைக்கு மேல்மாடியிலேயே உறங்குகிறார்கள். முற்பகல் உறங்கி இரவில் வேலை செய்பவர்கள் அவர்கள். கீழே ஓடும் ஜெனரேட்டரின் புகை படிக்கட்டு வழியே மேலேறும். உறங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்று, வாந்தி வரும். நோன்பு மாதத்தில் இவை வந்தால் நோன்பின் களைப்பு என்றே எல்லோரும் நினைப்பார்கள். 2022இல் ஏப்ரல் ஆரம்பத்தில் நோன்பு பிறந்தபோது மின்வெட்டும் கூடவே இருந்தது, இப்தாருக்கான ஓடர்களும் குவிந்தன. அப்படியான நாட்களில் ஒருவருக்கல்ல, இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனடியாக எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள்.

ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தூரத்தில், புகைக்குழாய் கடைக்கும் அயல் வீட்டுக்கும் முதுகு காட்டியபடி இருக்க வேண்டும். களவுக்குக் கம்பிக் கூடு அடித்துப் பூட்டலாம். மழைக்கு மேலே தகரம் போடலாம், நாற்புறமும் மூடக் கூடாது. பெற்றோல் ஊற்றும்போது இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டே ஊற்ற வேண்டும். மீதி எரிபொருளைப் போறணை அறையில் வைக்க வேண்டாம்.

மாவையும் கணக்கில் எடுங்கள்

அட்டவணைப்படி மின்வெட்டு வருமென்றால் முழு மூடையையும் ஒரே தடவையில் பிசையாமல் பாதி பாதியாகப் பிசையலாம். ஐஸ் சேர்த்த தண்ணீரில் பிசைந்தால் மா மெதுவாகப் பொங்கும், கையில் சற்று நேரம் கிடைக்கும். சூடு குறைந்த போறணையில் நீண்ட நேரம் வைத்துச் சுட்ட பாண் அதிகம் உலர்ந்து நிறை குறையும். ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டுமென்று 2024 பெப்ரவரியில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. மின்வெட்டு நாளில் சுட்டதையும் தராசில் வைத்துப் பாருங்கள். புளித்த மாவில் சுட்டதை வழமையான பாண் என்று விற்பதும் சரியல்ல. விலையைக் குறைத்து, இன்ன காரணம் என்று சொல்லி விற்றால் வாங்குபவர் வாங்குவார்.

செலவைப் பார்ப்போம். மேற்சொன்ன சுமையில் 5 கே.வீ.ஏ. டீசல் ஜெனரேட்டர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிக்கும். அதை அன்றைய விலையால் பெருக்கி, அந்த நேரத்தில் சுட்ட பாணின் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். பாண் ஒன்றுக்கு வரும் மேலதிகச் செலவு சிறிதாகவே இருக்கும். ட்ரொலி பாதி வெறுமையாக இருந்தால் மட்டுமே அது கூடும். ஆகவே ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் போறணையை நிரப்பிச் சுட வேண்டும்.

2022இல் டீசலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை, பல பேக்கரிகள் மூடப்பட்டன. அப்போது தொடர்ந்து சுட முடிந்தவர்களில் பழைய செங்கல் விறகுப் போறணையை இடிக்காமல் வைத்திருந்தவர்களும் அடங்குவர். இடம் இருப்பவர்கள் அதை இடிக்க அவசரப்பட வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம்.

வாங்கிய ஜெனரேட்டரை மூடி வைத்துவிட்டு மின்வெட்டு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. மாதத்தில் ஒரு நாள், சேஞ்ச் ஓவரைத் திருப்பி, போறணையை உண்மையாகவே இணைத்து அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். சுமை இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. எந்த மோட்டரை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நடுச்சாமம் மூன்று மணிக்கு மின்சாரம் போகும்போது அங்கே நிற்பது முதலாளி அல்ல, பாஸும் இரண்டு பையன்களும்தான். வெளி மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே மாற்றாமல் பத்து நிமிடம் பொறுத்து, வோல்டேஜ் நிலையானதும் மாற்றச் சொல்லுங்கள். ஜெனரேட்டரைச் சுமையின்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்த வேண்டும்.